மூன்று தடவை கேட்டுவிட்டுப் பேசுங்கள்: இசைக்குழு ரசிகர்கள் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

பதினெட்டு வயதில் ஓர் இசைக்குழு பிடித்துப்போனால் அது பாட்டு கேட்பதோடு நிற்பதில்லை. போன் வால்பேப்பர், டி-ஷர்ட், யாரோடு டீ குடிக்கப் போவது, யாரோடு பேசாமல் இருப்பது எல்லாவற்றையும் அந்தக் குழுதான் தீர்மானிக்கிறது. அடிபடுவதும் அந்த வயதில்தான். ஹாஸ்டலில் என் பக்கத்து அறையில் ஒருவன் இருந்தான். "இதெல்லாம் ஒரு மியூசிக்கா?" என்று சீனியர் ஒருவர் நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டார். இரண்டு வருஷம் பார்த்துப் பார்த்துச் சேர்த்த ப்ளேலிஸ்ட்டை அன்று ராத்திரியே அழித்தான். மறுநாளிலிருந்து சீனியர் கேட்பதையே அவனும் கேட்டான். முகத்தில் மட்டும் சந்தோஷம் இல்லை.

விமர்சகர் சொல்லிவிட்டார் என்று ஒரு குழுவைத் தூக்கிப் போடுகிறவர்கள், ட்ரெண்ட் என்பதற்காக ஒன்றைத் தலையில் வைத்து ஆடுகிறவர்கள், ட்ரெண்ட் ஆகிவிட்டதே என்று அதையே வெறுக்கிறவர்கள்: மூன்று கூட்டத்திலும் நான் இருந்திருக்கிறேன். மூன்றிலும் காதுக்கு வேலையே கிடையாது. உங்கள் காதை யாரிடமும் அடகு வைக்காமல் இருக்கத்தான் இந்தப் பட்டியல். ஹெட்போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே படியுங்கள்.

செய்ய வேண்டியவை

1. ஓர் ஆல்பத்தைப் பற்றி வாய் திறக்கும் முன் அதை முழுசாக மூன்று தடவை கேளுங்கள். முதல் தடவை காது தனக்குப் பழகிய சத்தத்தைத்தான் தேடும். கிடைக்காவிட்டால் "நல்லா இல்லை" என்று சொல்லிவிடும். 1992இல் 'ரோஜா' வந்ததிலிருந்து நம் வீடுகளில் ஒரு பேச்சு உண்டு: ரஹ்மான் பாட்டு கேட்கக் கேட்கத்தான் பிடிக்கும். அது ரஹ்மானுக்கு மட்டும் பொருந்துகிற பேச்சு இல்லை. இரண்டாவது தடவை பஸ்ஸிலோ நடந்துகொண்டோ கேளுங்கள். மூன்றாவது தடவை வரிகளைக் கண்ணால் படித்துக்கொண்டே கேளுங்கள். அதற்கப்புறமும் பிடிக்கவில்லை என்றால் தைரியமாகச் சொல்லுங்கள்.

2. முதலில் கேளுங்கள், பிறகு ரிவ்யூ படியுங்கள். பத்துக்கு நாலு என்ற மார்க் தலைக்குள் ஏறிவிட்டால் நீங்கள் கேட்பது பாட்டை அல்ல, அந்த நாலை. கேட்டு முடித்ததும் போனில் இரண்டே வரி எழுதி வைத்துவிட்டு ரிவ்யூவைத் திறங்கள். விமர்சகர்களும் தவறுவார்கள், பெரிய இடத்தில் இருப்பவர்களும் தவறுவார்கள். லெட் செப்பலின் குழுவின் முதல் ஆல்பம் 1969இல் வந்தபோதும், பிளாக் சபத்தின் முதல் ஆல்பம் 1970இல் வந்தபோதும் அமெரிக்காவின் ரோலிங் ஸ்டோன் பத்திரிகை இரண்டையும் போட்டுத் தாக்கியது. ஹெவி மெட்டல் என்ற வகையே இன்று அந்த இரண்டு குழுக்களின் பெயரைச் சொல்லித்தான் தொடங்குகிறது. டாஃப்ட் பங்கின் 'டிஸ்கவரி' ஆல்பத்துக்கு 2001இல் பிட்ச்ஃபோர்க் என்ற இசை விமர்சனத் தளம் கொடுத்த மார்க் 6.4. அதே பிட்ச்ஃபோர்க் 2021இல், பழைய மார்க்குகளில் எதையெல்லாம் மாற்ற ஆசை என்று ஒரு பட்டியல் போட்டபோது இந்த ஆல்பத்துக்கு எழுதியது 10. அந்த இருபது வருஷத்தில் ஆல்பத்தில் ஒரு நோட்டுகூட மாறவில்லை.

3. உங்களோடு ஒத்துப்போகாத ஒரு விமர்சகரையாவது விடாமல் படியுங்கள். மேலே சொன்னதை வைத்து "விமர்சகன் எல்லாம் வெத்து" என்று முடிவு கட்டிவிடாதீர்கள்; அது இன்னொரு சோம்பேறித்தனம். நம் ஊரில் கல்கி 'கர்நாடகம்' என்ற பெயரில் ஆனந்த விகடனில் கச்சேரி விமர்சனம் எழுதினார். பாட்டே தெரியாத ஆட்களும் அதை ஆசையாகப் படித்துவிட்டு, அடுத்த கச்சேரிக்கு ஒரு டிக்கெட் எடுக்கலாமா என்று யோசித்தார்கள். இன்னொரு விமர்சகர் சுப்புடு முன்வரிசையில் உட்கார்ந்தாலே மேடையில் இருப்பவருக்கு வியர்க்கும். அவர் தானே ஹார்மோனியம் வாசிப்பவர். எந்த இடம் சறுக்கியது என்று கை வைத்துக் காட்டத் தெரிந்தவர். அப்படிப்பட்ட ஆள் உங்களுக்குப் பிடித்ததைத் திட்டினால்கூட லாபம் உங்களுக்குத்தான். அடுத்த தடவை கேட்கும்போது காது அந்த இடத்தில் நின்று பார்க்கும்.

நல்ல விமர்சகரைக் கண்டுபிடிக்க நான் வைத்திருக்கும் வழி ஒன்றே ஒன்று. அவர் எழுதியதில் சத்தம் இருக்கிறதா என்று பாருங்கள். கிடார் எப்படி ஒலித்தது, குரல் எங்கே உடைந்தது, எந்தப் பாட்டில் தாளம் மாறியது, இதில் ஏதாவது இருக்க வேண்டும். பத்து பத்தி எழுதி, அதில் பாடகரின் காதலியும் அவர் போட்ட சட்டையும் மட்டுமே இருந்தால் மூடிவிட்டுப் போங்கள்.

4. பிடித்ததற்குக் காரணம் சொல்லிப் பழகுங்கள். "வேற லெவல்", "மாஸ்", "ஃபயர்" எல்லாம் எந்தப் பாட்டுக்கும் ஒட்டும் ஸ்டிக்கர்கள். "இரண்டாவது சரணத்துக்கு முன்னால் டிரம்ஸ் நின்றுவிடுகிறது, பேஸ் கிடார் மட்டும் தனியாக நடக்கிறது, அங்கே எனக்கு வயிற்றைப் பிசைகிறது" என்று சொல்லிப் பாருங்கள். எதிரே இருப்பவர் உடனே அந்தப் பாட்டைப் போட்டுக் கேட்பார்.

5. கிரெடிட்ஸ் படியுங்கள். யார் எழுதியது, யார் வாசித்தது, யார் பாடியது என்று தெரியாமல் ரசிகராக இருப்பதில் ஒரு ஆபத்து உண்டு: உங்கள் அன்பு தப்பான விலாசத்துக்குப் போய்விடும். மில்லி வனில்லி என்ற ஜோடிக்கு 1990 பிப்ரவரியில் கிராமி விருது கிடைத்தது. ஆல்பத்தில் ஒலித்தது அவர்கள் குரலே இல்லை என்று தெரிந்ததும், அதே வருஷம் நவம்பரில் விருது பறிக்கப்பட்டது. 2025இல் 'தி வெல்வெட் சன்டவுன்' என்ற குழு ஸ்பாட்டிஃபையில் மாதத்துக்குப் பத்து லட்சம் பேரைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது; பிறகுதான் அது செயற்கை நுண்ணறிவை வைத்துச் செய்தது என்ற விஷயம் வெளியே வந்தது.

நம் பக்கத்திலும் பாருங்கள். 'எஞ்ஜாயி எஞ்சாமி' 2021 மார்ச்சில் வந்து உலகம் முழுக்க ஓடியது. எழுதியவர் அறிவு, பாடகி தீயோடு சேர்ந்து பாடியவரும் அவரே. அந்த ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா பத்திரிகையின் அட்டையில் தீ இருந்தார், ராப் பாடகர் ஷான் வின்சென்ட் டி பால் இருந்தார், அறிவு இல்லை. கேள்வி கேட்டவர்களில் பலர் சாதாரண ரசிகர்கள். அதன் பிறகு அறிவை வைத்துத் தனியாக ஒரு டிஜிட்டல் அட்டை வந்தது. அந்த ரசிகர்கள் கேள்வி கேட்க முடிந்ததே, யார் எழுதியது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்ததால்தான். இன்றைக்கு நீங்கள் அதிகம் கேட்ட பாட்டின் பெயருக்குப் பக்கத்தில் உள்ள மூன்று புள்ளியை அழுத்துங்கள். இரண்டு பெயராவது புதிதாகத் தெரியவரும்.

6. உங்கள் குழு எங்கிருந்து எடுத்துக்கொண்டது என்று தேடிப் போங்கள். 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற இசைக்குழு முதல் தடவை மேடை ஏறியபோது, கானாவும் ராக்கும் ராப்பும் பறையும் ஒரே மேடையில் ஒலித்தன. குழுவின் பெயர் அயோத்திதாசப் பண்டிதரின் சிந்தனையிலிருந்து வந்தது. இது தெரிந்தவருக்கு அதே பாட்டு இரண்டு மடங்கு கனமாகக் கேட்கும். மரண வீட்டு கானாவை ஒரு தடவை உட்கார்ந்து கேட்டுவிட்டு அந்தக் குழுவின் பாட்டுக்குத் திரும்பிப் பாருங்கள்.

7. சின்னக் குழுவுக்குக் கையிலிருந்து பணம் கொடுங்கள். "ஸ்ட்ரீம் பண்ணினேனே, போதாதா" என்று கேட்பீர்கள். போதாது. ஸ்பாட்டிஃபையில் 2024இலிருந்து ஒரு பாட்டு 12 மாதத்தில் 1,000 தடவையாவது ஓடியிருந்தால்தான் அதற்கு ராயல்டி கணக்கே தொடங்கும். உங்கள் ஊர்க் குழுவின் பாட்டு 900 தடவை ஓடியிருந்தால் அவர்களுக்குக் கிடைப்பது பூஜ்யம். பேண்ட்கேம்ப் போன்ற தளத்தில் டிஜிட்டல் ஆல்பம் வாங்கினால் தளம் எடுத்துக்கொள்வது 15 சதவீதம். பணம் அனுப்பும் கட்டணம் போக மீதி குழுவுக்கு. அது முடியாவிட்டால் கச்சேரி முடிந்ததும் மேடைக்குப் பக்கத்தில் விற்கிற டி-ஷர்ட்டை வாங்குங்கள். ஒரு மாதம் இரண்டு பிரியாணியைக் குறைத்தால் ஒரு குழுவின் ரிகர்சல் வாடகையில் ஒரு பங்கு வந்துவிடும்.

8. காதைக் காப்பாற்றுங்கள். உங்கள் கருத்துக்கு முதலீடே அதுதான். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு இது: 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம், 90 டெசிபல் என்றால் 4 மணி நேரம்தான். ராக் கச்சேரியில் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் 100ஐத் தொடுவது சாதாரணம். ஃபோம் இயர்பிளக் மருந்துக்கடையில் கிடைக்கிறது, பாக்கெட்டில் போட்டு வையுங்கள். கச்சேரி முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் காதில் 'கொய்ங்' என்ற சத்தம் நிற்கவில்லையென்றால் அது பெருமைப்பட வேண்டிய விஷயம் இல்லை. மறுநாளும் இருந்தால் காது டாக்டரிடம் போங்கள்.

9. கருத்து மாறினால் "மாறிவிட்டது" என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். போன வருஷம் மொக்கை என்றது இந்த வருஷம் பிடித்திருந்தால் கேவலம் ஒன்றும் இல்லை.

செய்யக்கூடாதவை

1. 15 விநாடி ரீல்ஸைக் கேட்டுவிட்டுத் தீர்ப்பு சொல்லாதீர்கள். ரீல்ஸில் ஓடுவது பாட்டின் கொக்கி மட்டும். மீனைப் பார்க்காமல் கொக்கியைப் பார்த்து ருசி சொன்ன கதையாகிவிடும். ஸ்பீட்-அப் பண்ணி, குரலைக் கீச்சென்று ஆக்கி ஓடுகிற துண்டுகளை வைத்துப் பாடகரைத் திட்டாதீர்கள். அவர் அப்படிப் பாடவே இல்லை.

2. டி-ஷர்ட் போட்டவரை நிறுத்திக் கேள்வித்தாள் நீட்டாதீர்கள். "நிர்வாணா டி-ஷர்ட்டா? மூணு பாட்டு சொல்லு பார்ப்போம்." இதை நானும் சொல்லியிருக்கிறேன், இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது. இந்தக் கேள்வி பெரும்பாலும் பெண்களிடம்தான் கேட்கப்படுகிறது என்பதையும் கவனியுங்கள். தெருவோரக் கடையில் 250 ரூபாய்க்கு, படம் அழகாக இருக்கிறதே என்று வாங்கியிருக்கலாம். அதனால் நிர்வாணாவுக்கு என்ன நஷ்டம்? அவர்களின் 'நெவர்மைண்ட்' 1991 செப்டம்பரில் வந்தது. 1992 ஜனவரியில் மைக்கேல் ஜாக்சனின் 'டேஞ்சரஸ்' ஆல்பத்தை இறக்கிவிட்டு அமெரிக்காவில் முதலிடத்துக்குப் போனது. அதை வாங்கிய லட்சக்கணக்கானவர்களில் பெரும்பாலோர் சில மாதங்களுக்கு முன் அந்தப் பெயரையே கேட்டிராதவர்கள். எல்லாருக்கும் ஒரு முதல் நாள் உண்டு. கேள்வி கேட்பதை விட்டுவிட்டு ஒரு பாட்டின் லிங்க் அனுப்புங்கள். அப்படி அனுப்பித்தான் எனக்கு ஒரு நல்ல சினேகிதி கிடைத்தாள்.

3. ஹிட் ஆகிவிட்டது என்பதற்காக ஒரு குழுவைக் கைவிடாதீர்கள். "நாங்கள் நாற்பது பேர் கேட்டபோது நன்றாக இருந்தது, இப்போது ஆட்டோவில் எல்லாம் ஓடுகிறது, கெட்டுப்போய்விட்டது." ஆட்டோவில் ஓடினால் பாட்டு கெடாது. இப்படிப் பேசுகிறவர்கள் தங்களைத் தனித்த ரசனைக்காரர்கள் என்று நம்புகிறார்கள், நானும் நம்பினேன். கூட்டத்தோடு கோவிந்தா போடுகிறவனுக்கு எதைப் பிடிக்க வேண்டும் என்று கூட்டம் சொல்கிறது. எனக்கு எதைப் பிடிக்கக்கூடாது என்று அதே கூட்டம்தான் சொல்லிக்கொண்டிருந்தது. அப்படி ஒரு வருஷம் ஒதுக்கி வைத்த ஆல்பம் ஒன்றை, கடைசியில் ஊருக்குப் போகிற பஸ்ஸில் டிரைவர் போட்டுக் கேட்டேன். விழுப்புரம் தாண்டும்வரை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டே வந்தேன்.

4. குழு பாணியை மாற்றினால் துரோகி என்று கத்தாதீர்கள். 1966 மே 17 அன்று மான்செஸ்டரில் பாப் டிலன் எலெக்ட்ரிக் கிடாரோடு நின்றபோது, நாட்டுப்புறப் பாடல் ரசிகர் ஒருவர் கூட்டத்திலிருந்து "யூதாஸ்!" என்று கத்தினார். அந்த இரவின் ஒலிப்பதிவு 1998இல் முறையாக ஆல்பமாக வந்தது. கத்திய குரல் அதில் அப்படியே இருக்கிறது.  பிடிக்கவில்லையா, பழைய ஆல்பத்தைப் போடுங்கள். யாரும் அதை உங்களிடமிருந்து பிடுங்கவில்லை.

5. மார்க்கைப் பார்த்துத் தூக்காதீர்கள், மார்க்கைப் பார்த்து எறியாதீர்கள். ஃப்ளோரிடாவின் பிளாக் கிட்ஸ் என்ற குழுவுக்கு 2007இல் பிட்ச்ஃபோர்க் 8.4 கொடுத்தது, எங்கே பார்த்தாலும் அவர்கள் பேச்சு. மறு வருஷம் முதல் ஆல்பம் வந்தபோது அதே இடத்தில் 3.3. ரிவ்யூ என்று எழுத்தே கிடையாது, இரண்டு நாய்களின் படத்தைப் போட்டு "ஸாரி" என்று ஒரு வார்த்தை. இருபது சொச்சம் வயதுப் பிள்ளைகளை ஏற்றிவிட்டு ஏணியை எடுத்துவிட்டார்கள். அதைப் பார்த்துச் சிரித்தவர்களில் எத்தனை பேர் ஆல்பத்தைக் கேட்டிருப்பார்கள்?

6. தொடக்கத்தில் இருக்கும் குழுவைக் கிழித்து எழுதாதீர்கள். இதை மட்டும் கொஞ்சம் நின்று படியுங்கள். காலேஜ் இரண்டாம் வருஷம், கல்ச்சுரல்ஸில் வெளியூர் காலேஜிலிருந்து ஒரு குழு வந்து வாசித்தது. எங்கள் கையெழுத்துப் பத்திரிகையில் நான்தான் எழுதினேன். பேஸ் கிடார் வாசித்த பையன் தூங்கிக்கொண்டே வாசித்ததாக ஒரு வரி. எல்லாரும் அந்த வரியைத்தான் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆறு வருஷம் கழித்து அந்தக் குழுவில் பாடியவரை ரயிலில் பார்த்தேன். அன்று அந்தப் பையனின் கிடார் பஸ்ஸில் வரும்போதே உடைந்துவிட்டதாம். மேடை ஏற ஒரு மணி நேரத்துக்கு முன் யாரிடமோ இரவல் வாங்கி, பழகாத கிடாரில் வாசித்திருக்கிறான். பத்திரிகையை யாரோ அவனுக்குக் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு அவன் மேடை ஏறவில்லை. அந்த வரியை எழுத எனக்கு இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

குறை சொல்லவே கூடாது என்று நான் சொல்லவில்லை. சொல்லுங்கள், அவர்களிடமே நேரில் சொல்லுங்கள், என்ன நடந்தது என்று கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். ஸ்டேடியம் நிரப்புகிற குழுவுக்கு உங்கள் ஒரு வரி கொசுக்கடி. பத்தொன்பது வயதுக்காரனுக்கு அது அப்படி இல்லை.

7. உங்கள் குழுவைத் திட்டிய விமர்சகரின் வீட்டாரை இழுக்காதீர்கள். போன் நம்பரைப் பரப்புவது, படத்தை வெட்டி ஒட்டுவது, நூறு பேர் சேர்ந்து மெசேஜில் வசை பொழிவது எல்லாம் சைபர் கிரைம் புகார் வரை போகும். புகார் வந்தால் மாட்டிக்கொள்வது நீங்கள். குழுவிலிருந்து யாரும் ஸ்டேஷனுக்கு வரமாட்டார்கள்.

8. "எல்லாரும் போகிறார்கள்" என்ற பயத்தில் பிளாக்கில் டிக்கெட் வாங்காதீர்கள். 2024 செப்டம்பரில் கோல்ட்பிளே மும்பை டிக்கெட்டின் அசல் விலை 2,500 ரூபாயிலிருந்து 35,000 வரை இருந்தது. விற்றுத் தீர்ந்த கையோடு மறுவிற்பனையில் லட்சங்களில் விலை பேசினார்கள். போலி டிக்கெட்டுக்கும் அந்த விலைதான். 2025 ஜனவரி 26 அன்று அகமதாபாத் கச்சேரி ஓடிடியில் நேரலையாகவே வந்தது. மொட்டைமாடியில் ப்ரொஜெக்டர் கட்டி, நாலு நண்பர்களோடு பார்த்தவர்களும் இருக்கிறார்கள். கூடுதல் விலைக்கு வாங்கும் முன் உங்களையே ஒன்று கேளுங்கள்: அந்தக் குழுவின் ஒரு ஆல்பத்தையாவது முழுசாகக் கேட்டிருக்கிறேனா?

9. பாட்டு பிடிக்கும் என்பதற்காகப் பாடியவர் செய்த தப்பை மூடி மறைக்காதீர்கள். பாட்டைக் கேட்பதும் விடுவதும் உங்கள் விருப்பம். புகார் சொன்ன பெண்ணைத் தாக்குவது ரசனையில் சேராது.

10. கேட்காத ஆல்பத்தைக் கேட்டதாகச் சொல்லாதீர்கள். "இல்லை, கேட்டதில்லை, எதிலிருந்து தொடங்கலாம்?" என்று கேட்டுப் பாருங்கள். இசைப் பைத்தியங்களுக்கு இந்தக் கேள்வியைவிட இனிப்பானது எதுவும் கிடையாது. அரை மணி நேரம் உங்களை விடமாட்டார்கள்.

11. பழைய ப்ளேலிஸ்ட்டை அழிக்காதீர்கள். இன்று கூச்சமாக இருந்தால் 'பழசு' என்று பெயர் மாற்றி ஓரமாக வையுங்கள், பாட்டுப் பெயர்களைத் தனியாக ஒரு காப்பியும் எடுத்துக்கொள்ளுங்கள். தளத்திலிருந்து பாட்டே காணாமல் போவதும் உண்டு. என் ஹாஸ்டல் நண்பனுக்கு இப்போது முப்பத்தைந்து வயது. அழித்த பட்டியலில் ஒரு பாட்டின் பெயர் மட்டும் அவனுக்கு ஞாபகம் வரவில்லை, மெட்டு மட்டும் இருக்கிறது. மாதத்துக்கு ஒரு தடவையாவது வாய்ஸ் மெசேஜில் அதை ஹம் பண்ணி அனுப்பி, "இது எதுடா?" என்று கேட்கிறான். நானும் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன்.